காயாத அட்டை

நவம்பர் 3, திங்கள்

மூன்றாவது நாளாகப் பனிமூட்டம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சில்வர் ஓக் மரம் கண்ணுக்கே தெரியவில்லை. துவைத்த யூனிபார்ம் காயவே மாட்டேன் என்கிறது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஈரத்தை விரட்டி, போட்டுக்கொண்டு போனேன். மத்தியானம் வரை முதுகு சில்லென்று இருந்தது.

வாங்க வேண்டியவை: குடைக்கு இரண்டு கம்பி, மிளகு, துவைக்கிற சோப்பு. பழைய சோப்பைக் குரங்கு தூக்கிப் போய்விட்டது. தின்னவும் முடியாமல் விடவும் மனசில்லாமல் குவார்ட்டர்ஸ் கூரைமேல் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறது.

வேலை: தடுப்பூசி 6. கர்ப்பிணிகள் 4. குதிகால் ரத்தம் 3.

குதிகால் ரத்தத்தில் இரண்டு பிள்ளைகள் ஊரைக் கூட்டிவிட்டன. மூன்றாவது, மல்லிகாவின் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை பிறந்தது. தலைப்பிரசவம். ஊசியைப் பார்த்ததும் மல்லிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, இத்தினியூண்டு காலுல போய்க் குத்தறீங்களே, எதுக்குங்க?"

எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே அது வேலை செய்யாது. பார்த்தால் தெரியாது, தூக்கினால் தெரியாது, டாக்டர் பார்த்தாலும் தெரியாது. ரத்தத்தில்தான் தெரியும். இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளையும் போல வளரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி நின்றுபோகும், பிறகு எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது.

"அப்பிடியெல்லாம் எங்க பக்கம் யாருக்கும் இல்லீங்க" என்றாள். எல்லோரும் சொல்வதுதான்.

குத்தினேன். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அட்டையில் இருக்கிற ஐந்து வட்டங்களையும் நிரப்பினேன். பிள்ளை "ங்" என்றதோடு சரி. மறுபடி தூங்கிவிட்டது. வார்டு ஆயா லட்சுமி அக்கா, "என்ன சமத்து பாருங்க" என்றாள். நானும் சிரித்தேன்.

அட்டை நாலு மணி நேரம் காய வேண்டும், அதுவும் காற்று வறண்டிருந்தால். அடுப்பிலும் காட்டக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. மல்லிகா குழந்தைக்குக் குத்தும்போதே மணி இரண்டு தாண்டிவிட்டது. திங்கள், வியாழன் இரண்டு நாள்தான் அட்டைகள் சேலத்துக்குப் போகும். ஐந்தேகால் பஸ்ஸில் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்துவிடுவோம், கீழே லேப் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். ஐந்து பத்துக்கே ஹாரன். முதல் இரண்டு அட்டையும் பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டன. மூன்றாவதில் நடு வட்டத்தில் கொஞ்சம் மினுமினுப்பு. லைட் வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். கவரில் போட்டேன், கொடுத்தேன், பஸ் போனது.

கால் வலி. சீக்கிரம் படுக்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

மழை. குடை ரிப்பேர். "கம்பி இல்லீங்க, புதுசு வாங்கிக்கோங்க" என்கிறான் கடைக்காரன். நாலு கம்பி நன்றாக இருக்கிற குடையைத் தூக்கிப் போட எனக்கு மனசு வருமா. நூலால் கட்டிவிட்டேன்.

மகள் போன். கோயம்புத்தூரில் வேர்க்கிறதாம். அடிப்பாவி.

நவம்பர் 7, வெள்ளி

லேப்பிலிருந்து போன். மற்ற இரண்டு குழந்தைகளும் சரி. மூன்றாவது அட்டை நிராகரிப்பு.

"ஈரத்தோட கவர்ல போட்டிருக்கீங்க சிஸ்டர். ரத்தம் பரவி, வட்டமெல்லாம் கலங்கிப்போயிருக்கு. இதுல ஒண்ணும் பாக்க முடியாது. மறுபடி எடுத்து அனுப்புங்க."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு ஊசி அறையில் போய் நின்றேன். லைட் வெளிச்சம் இல்லை. ஈரம். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் போட்டேன். பதினாலு வருஷ சர்வீஸில் அவசரக்குடுக்கை என்கிற பேரை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மல்லிகாவுக்கு போன்: சுவிட்ச் ஆஃப். 11 மணி, 1 மணி, 4 மணி. சுவிட்ச் ஆஃப்.

திங்களன்றே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்கு இன்றோடு ஏழு நாள். ஆயிரக்கணக்கில் ஒன்றுக்குத்தான் அந்தக் குறை இருக்கும், இதற்கு இருக்கவா போகிறது என்று ஒரு மனசு. அந்த 'ங்' மட்டும் இன்னொரு மனசில்.

நவம்பர் 8, சனி

காலை பஸ்ஸில் நாகலூர். கேஸ் ஷீட்டில் கொடுத்திருந்த விலாசம் எஸ்டேட் லைன் வீடு. பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். மல்லிகா குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மலைக்கு மேலே இருக்கிற ஊர், ஜீப் போகிற வழியும் பாதியில் நின்றுவிடும். அங்கே போனுக்கு டவரும் கிடையாது. புருஷன் பொன்னுசாமி களத்தில் இருப்பான் என்றார்கள்.

களம் என்றால் காபி காய வைக்கிற சிமெண்டுத் தரை. பனிக்கு நடுவே வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதற்குள் நாலைந்து பேர் தார்ப்பாயை விலக்கிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமிதான் அதற்குப் பொறுப்பு. முப்பது வயசிருக்கும். ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் கடித்தான், துப்பினான், "இன்னும் ரெண்டு நாளு" என்றான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"என்னங்க நர்ஸம்மா, இவ்வளவு தூரம்?"

மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன்.

"மொதல்ல எடுத்தது என்னாச்சுங்க?"

இந்த இடத்தில் நான் செய்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். "லேப்புல மிசின் ஏதோ கோளாறுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"மிசினுன்னா கோளாறு ஆகத்தான் செய்யும்" என்றான், நல்ல மனுஷன். நாளைக்கு லீவு, அவனும் மேலே போகிறான், ஜீப்பில் கூடவே வரலாம் என்றான். எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தான். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் பாதி டீயைக் கீழே ஊற்றினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சுற்றுலாக் கூட்டம். ஒண்டிக்கடை முச்சந்தியில் கார்கள் நகரவே இல்லை. ஜீப் அதைத் தாண்டுவதற்குள் அரை மணி. நாகலூரில் பொன்னுசாமி ஏறிக்கொண்டான். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. நூல் கட்டிய குடை காற்றில் மல்லாந்துவிட்டது. அவன் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

வீட்டில் மல்லிகா, அவளுடைய அண்ணன் பொண்டாட்டி செல்வி. செல்விக்கு நான் வந்ததே பிடிக்கவில்லை.

"பொறந்ததுல இருந்து அழுதே நாங்க பாக்கலீங்க. தங்கமாட்டத் தூங்குது. அதைப் போயி எழுப்பிக் குத்தோணுங்கறீங்களே."

பிள்ளையை வாங்கி மடியில் போட்டேன். பத்து நாள் ஆகப்போகிறது, கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. தோல் உலர்ந்து, தொட்டால் குளிர்ச்சி. நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி.

"பால் எப்படிக் குடிக்குது கண்ணு?" என்று மல்லிகாவைக் கேட்டேன்.

"நாலு வாயி குடிச்சதும் தூங்கிருதுங்க. காலைச் சுண்டினாலும் முழிக்கறதில்ல. அம்மாவுக்குத் தொந்தரவு குடுக்காத புள்ளைன்னு எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சொல்வார்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேனே.

பத்தரைக்குக் குத்தினேன். இப்போதும் ஒரு முனகல், அவ்வளவுதான். இரண்டு டம்ளரைத் தள்ளித் தள்ளி வைத்து, வட்டங்கள் எதிலும் படாமல், அட்டையின் ஓரங்களை அவற்றின் மேல் உட்கார வைத்தேன். பொன்னுசாமி வந்து குனிந்து பார்த்தான். டம்ளர்களை அடுப்பு இருக்கிற சுவரிலிருந்து எடுத்து எதிர்ப்பக்கம் கொண்டு போனான். கதவை ஒரு சாண் சாத்தினான்.

"அடுப்பு அனல் பட்டா மேல காயும், உள்ள ஈரம் நிக்கும். கதவு நேரா தொறந்தா பனி அடிக்கும்."

எனக்கு நோட்டீஸில் படித்துத் தெரிந்தது. அவனுக்குக் கையில் தெரிகிறது.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். ஒன்றரை மணிக்குப் பார்த்தேன், பழுப்பு வந்துவிட்டது. ஜீப்பை நினைத்து எழுந்தேன்.

"பொறுங்க" என்றான் பொன்னுசாமி. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். "நடுவால மின்னுது பாருங்க. கொட்டையா இருந்தா கடிச்சுப் பாத்துருவேன், இதைக் கடிக்கவா முடியும்? ஈரத்தோட மூட்டை கட்டினா மூட்டையே போயிருமுங்க. எங்களுக்கு மொதப் பாடமே அதுதான்."

உட்கார்ந்தேன். மூன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரம். அவனும் எழுந்து போகவில்லை. அவன் சும்மா சொன்னது ஒவ்வொன்றும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

லீவு போட்டேன். ஐந்தேகால் பஸ்ஸுக்கு விடவில்லை, கண்டக்டரிடமும் கொடுக்கவில்லை. காலை முதல் பஸ்ஸில் நானே சேலம் போய் லேப்பில் கையில் கொடுத்தேன்.

"எதுக்கு சிஸ்டர் நீங்களே?" என்றாள் லேப்பில் இருந்த பெண்.

அவசரம் என்று அட்டைமேல் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லா காஞ்சிருக்கு" என்றாள்.

திரும்பும்போது சோப்பு வாங்க மறந்துபோனேன்.

நவம்பர் 11, செவ்வாய்

போன் வருமா வருமா என்று பார்த்ததில் ஒரு கர்ப்பிணிக்கு எடை எழுதாமல் விட்டுவிட்டேன். லட்சுமி அக்கா கவனித்துச் சொன்னாள். பனி. வேறொன்றுமில்லை.

நவம்பர் 12, புதன்

பத்து மணிக்குப் போன் வந்தது. சுரப்பி வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற டி.எஸ்.எச்., இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. அந்தப் பெண் எண்ணைச் சொன்னாள், நான் திருப்பிச் சொல்லச் சொன்னேன், மறுபடி அதே எண்.

டாக்டர் அறைக்கு ஓடினேன். "நாளைக்கே சேலம் பெரிய ஆஸ்பத்திரி. நரம்புல ரத்தம் எடுத்துட்டு, முடிவுக்குக் காத்திருக்காம மாத்திரையை ஆரம்பிச்சுருவாங்க. நான் பேசிடறேன். குழந்தைக்கு எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு."

"நாளைக்கு மேல தாண்டக் கூடாது" என்றார்.

மத்தியானம் களத்துக்குப் போய் பொன்னுசாமியை அழைத்துக்கொண்டு மேலே போனேன். மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் சொன்னேன். மல்லிகா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

செல்வி எழுந்து நின்றுகொண்டு பேசினாள். "முப்பது நாள் தீட்டுக்கூடக் கழிக்கலீங்க. பச்சைப் புள்ளையை இந்தப் பனியில மலை எறக்கோணுங்கறீங்க. அழுவாம கொள்ளாமத் தூங்கற புள்ளைக்கு நோயின்னா யாருங்க நம்புவாங்க?"

"அழாததுதாங்க நோயி" என்றேன்.

பொன்னுசாமி அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவன் முன்னால் வந்தான். "நர்ஸம்மா, மொதல்ல எடுத்தது மிசின் கோளாறுன்னீங்க. இப்ப எடுத்தது நோயிங்கறீங்க. நாளைக்குக் கீழ போனதும் இதுவும் மிசின் கோளாறும்பீங்க. எதைங்க நாங்க நம்பறது?"

நான் நனைந்த குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"சேர்வராயன் மேல சத்தியமாச் சொல்லுங்க. அது மிசின் கோளாறுதானுங்களா?"

நான் ஓமலூர்ப் பக்கத்துக்காரி. இந்த மலைச்சாமி என் குலசாமி இல்லை. ஆனால் பதினாலு வருஷம் இவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேரைச் சொல்லிப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்க" என்றேன். "மிசின்ல ஒண்ணுமில்ல. அட்டை காயலை. எனக்குத் தெரியும். பஸ் போயிரும்னு ஈரத்தோடயே கவர்ல போட்டுட்டேன். தப்பு என்னுது. உங்ககிட்ட பொய் சொன்னதும் நான்தான்."

பொன்னுசாமியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எத்தன மணி நேரம் காய வெச்சீங்க?"

"மூணு."

"இந்தப் பனியிலயா?"

"ஆமாங்க."

"மூணு மணி நேரத்துல இந்தப் பனியில கைக்குட்டை காயாதுங்க!" கத்தினான். பிள்ளை அதற்கும் முழிக்கவில்லை. "என் களத்துல ஒருத்தன் இப்பிடிச் செஞ்சா அன்னைக்கே எஸ்டேட் ரைட்டர் அவனை ஊட்டுக்கு அனுப்பிருவாரு. அது கொட்டைங்க. வெறும் கொட்டை. இது எம் புள்ள ரத்தம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் அழுதால் இவர்கள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டி வரும், பிள்ளை விஷயம் பின்னால் போய்விடும்.

செல்வி, "பாத்தீங்களா, இவங்களை நம்பிப் போறதா?" என்று ஆரம்பித்தாள்.

பொன்னுசாமி கையைக் காட்டி அவளை நிறுத்தினான். வாசலுக்குப் போய்க் கையை நீட்டி மழையைப் பார்த்தான். திரும்பி வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டாவது அட்டையை நான் பாத்தனுங்க. காயற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தேன். அது நல்லாக் காஞ்சுது." மல்லிகா பக்கம் திரும்பினான். "அப்ப அது சொல்றது நெசந்தான். துணி எடுத்து வெய்யி மல்லிகா. மொத ஜீப்புக்குப் போறோம்."

நவம்பர் 13, வியாழன்

ராத்திரி அவர்கள் வீட்டிலேயே தங்கி, இருட்டோடு எழுந்து நடை, ஜீப், பிறகு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மல்லிகா பிள்ளையின் தலையைக் கையில் ஏந்தியபடியே வந்தாள். பொன்னுசாமி முன் சீட்டில். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பாதி மலை இறங்கியதும் பனி விட்டது, வெயில் வந்தது. அப்போதுதான் மல்லிகா கேட்டாள்.

"ஏனுங்க, அந்த ஈர அட்டையால எத்தன நாளு போச்சுங்க?"

கணக்கு ராத்திரியே போட்டு வைத்திருந்தேன். "அஞ்சு நாளு."

"அந்த அஞ்சு நாள்ல புள்ளைக்கு எங்கயாச்சும் கொறஞ்சு போயிருக்குமுங்களா?"

இதற்கு எந்த நோட்டீஸிலும் பதில் இல்லை. "ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லாயிரும்னு டாக்டர் சொல்றாரு. நம்ம அதுக்குள்ள போயிட்டோம். ஆனா அந்த அஞ்சு நாளு சும்மா போச்சு கண்ணு. அதுக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது."

அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கையில் ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் ஸ்கேன். சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றார் அந்த இளம் டாக்டர். மல்லிகாவுக்குக் கேட்கத் தெரிந்தது. "அப்ப எத்தன நாளைக்குங்க மாத்திரை?" "ஆயுசுக்கும்மா. தினமும் ஒரு வேளை. அது மட்டும் தவறாம இருந்தா இவ பள்ளிக்கூடம் போவா, ஓடுவா, உங்களை எதிர்த்துப் பேசுவா" என்றார்.

11.40. ஒன்றரை மாத்திரை. கரண்டியில் நசுக்கி, நாலு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து, கன்னத்தின் உள்பக்கம். முதல் வேளையை மல்லிகாவே கொடுக்க வேண்டும் என்று கேட்டேன், விட்டார்கள். பிள்ளை சப்புக் கொட்டியது. பதின்மூன்றாம் நாள்.

பொன்னுசாமி கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்தான். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். முதல் அட்டை ஈரமாகப் போனது, குழந்தையின் அப்பாவிடம் பொய் சொன்னது, இரண்டும். கேட்டுக்கொண்டே இருந்தார். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். சுற்றி வளைக்காமல் எட்டே வரி. மேலே அனுப்புவாராம். அனுப்பட்டும்.

"பதினாலு வருசம் கழிச்சு எதுக்குங்க நீங்களே போய் மாட்டிக்கறீங்க?" என்றாள் லட்சுமி அக்கா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்றிலிருந்து சாப்பாடு இறங்குகிறது, அது மட்டும் தெரிகிறது.

பிறகு ஊசி அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: பனி நாளில் நாலு மணி நேரம் போதாது. மின்னினால் அனுப்பாதே.

நவம்பர் 17, திங்கள்

மல்லிகாவும் குழந்தையும் இப்போது எஸ்டேட் லைன் வீட்டில். அங்கே டவர் உண்டு. காலையில் போன் செய்து கேட்டேன். மாத்திரையைச் சத்து டானிக்கோடு கலந்து கொடுத்துவிடலாமா என்று செல்வி கேட்டாளாம். ஐயோ. அதோடு சேர்ந்தால் மாத்திரை உடம்பில் ஏறாது. வேறு எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும் என்று மூன்று தரம் சொன்னேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள் மல்லிகா. அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் பாரமாக இருந்தது.

இன்றைக்கு இரண்டு அட்டை. ஐந்தேகாலுக்கு ஒன்றுதான் காய்ந்தது, ஒன்றுதான் போனது. அடுத்ததை வியாழன் வரை வைத்திருக்க முடியாது, நாளைக் காலை நானே. இப்படி எத்தனை நாள் ஓடுவது? சேலம் போகிற பால் வண்டிக்காரரைக் கேட்டிருக்கிறேன்.

சோப்பு வாங்கியாயிற்று. ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 22, சனி

நாகலூர் போனேன். லைன் வீட்டுக்கு இருபது அடி முன்னாலேயே கேட்டுவிட்டது. தொண்டையைத் திறந்து ஒரு அழுகை. தகரக் கூரை அதிர்கிறது.

மல்லிகா கண்ணெல்லாம் வீங்கி, தலை கலைந்து கதவைத் திறந்தாள். "நொம்பத் தொந்தரவுங்க. மூணு நாளா ஊட்டுல ஒருத்தரும் தூங்கல. பாலு குடிக்குது, திரும்பக் குடிக்குது, இல்லீன்னா கத்துது."

நான் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தேன், கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை உள்ளே கத்திக்கொண்டே இருந்தது. செல்விகூட மலையிறங்கி வந்திருந்தாள். தொட்டிலை ஆட்டியபடி, "இதுதான் உங்க சமத்தாங்க?" என்று என்னை முறைத்தாள். கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. கால் சூடாக இருக்கிறது.

பொன்னுசாமி களத்தில். வழியில் எட்டிப் பார்த்தேன். தலையை மட்டும் அசைத்தான்.

நவம்பர் 27, வியாழன்

பனி. இன்றைக்கு எதிரே இருக்கிற கேட்கூடத் தெரியவில்லை.

மறுபரிசோதனைக்குப் போயிருந்தார்கள். போனில் சேலம் டாக்டர் சொன்னார், அளவு நன்றாக இறங்குகிறது, எடை கூடியிருக்கிறது. பேர் வைக்கப்போகிறார்களாம்.

மூன்று மணிக்குப் பொன்னுசாமி வந்தான். சேலத்திலிருந்து திரும்பும் வழி. மல்லிகாவும் பிள்ளையும் பஸ் ஸ்டாண்டில், இவன் மட்டும் கையில் சாக்கால் சுற்றிய ஏதோ ஒன்றோடு. மேஜைமேல் வைத்துப் பிரித்தான். சில்வர் ஓக் சட்டம். நாலு கால். சட்டத்தில் ஆறு அட்டைக்குப் பள்ளம் எடுத்திருக்கிறான், ஓரம் மட்டும் உட்காரும்படி. வட்டங்களுக்குக் கீழே வெறும் காற்று. ஈ உட்காராமல் இருக்க மேலே கொசுவலை மூடி. அன்றைக்கு நான் வைத்த இரண்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தானே, அப்போதே மனசில் அளவெடுத்துவிட்டான் போல.

"சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வெய்யிங்க. பக்கத்துல ஸ்டெரிலைசர் வேண்டாம், ஆவி வரும்."

நன்றி என்றேன். கை கூப்பினேன்.

"உங்க மேல கோவம் போகலீங்க" என்றான் நேராக என்னைப் பார்த்து. இரண்டு வாரத்தில் முதல் தடவை. "அது வேற. இது அடுத்த புள்ளைக்கு."

போய்விட்டான்.

இப்போது அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு அட்டை. முந்தாநாள் பிறந்த ஆண் குழந்தை, ஒன்றேகாலுக்குக் குத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஐந்து பத்து. வாசலில் ஹாரன். கண்டக்டர் குரல் கேட்கிறது.

"நர்ஸம்மா, கவரு?"

"காயலீங்க."

"அஞ்சு நிமிசம் நிக்கட்டுங்களா?"

"வேண்டாம். நீங்க போங்க. காலைல பால் வண்டியில அனுப்பிக்கறேன்."

பஸ் போய்விட்டது. அட்டையைச் சாய்த்துப் பார்த்தேன். நடு வட்டத்தில் இன்னும் மின்னுகிறது.